வேலையை விட்டால் வரும் நட்சத்திரம்

காலை ஆறு மணிக்கே மாடிப்படி முழுக்க வரிசை. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே முகக்குறி மகான். வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு புகைப்படம். டிரைவர், நர்ஸ், ஓட்டல் சப்ளையர், கணக்கு எழுதுகிறவர் என்று எல்லோரும் பிழைப்புக்கு ஒரு வேலை பார்த்துக்கொண்டு நடிக்க வாய்ப்புத் தேடுகிறவர்கள். அந்தப் பிழைப்பின் மேல்தான் மகானுக்குக் கண்.

மகான் கட்டணம் வாங்க மாட்டார். சேச்சே, காசைக் கையால் தொடவே மாட்டார். புகைப்படத்தின் நெற்றியில் கட்டைவிரலை அழுத்துவார், கண்ணை மூடுவார், வெள்ளைப் பொடியைத் தூவி ஊதுவார். நெற்றியில் பளிச்சென்று ஒரு நட்சத்திரம் தெரியும். பிறகு அருள்வாக்கு. வேலையை விட வேண்டும். விட்டதற்கு அத்தாட்சியாக ராஜினாமாக் கடிதத்தின் நகல் வேண்டும். கணக்கு முடித்து வருகிற தொகையைத் தட்டில் வைத்துவிட வேண்டும். பழைய வேலையின் காசு கையில் இருந்தால் தோஷமாம். ஊரார் தோஷத்தையெல்லாம் தானே வாங்கி வைத்துக்கொள்கிறார், பாவம்!

துணிக்கடையில் பொம்மைகளுக்கு உடை மாட்டுகிறவனுக்கும் போன வாரம் நட்சத்திரம் வந்துவிட்டது. சட்டைப்பையில் ராஜினாமாக் கடிதம் தயார். அதே கடையில் பில் போடும் அவன் தங்கை அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டாள். இருவர் சம்பளத்தில்தான் அறை வாடகை, சோறு, அவன் நடிப்புப் பயிற்சி எல்லாமே ஓடின.

"ஆடிஷன்னு சொன்னா லீவு குடுக்கிற முதலாளி வேற எங்க கிடைப்பாரு?" என்றாள்.

"அதுதான் தடைன்னு மகான் சொல்றாரே. என் கண்ணுல ஒரு பசி இருக்காம். பாத்ததும் கண்டுபிடிச்சிட்டாரு."

"வேலையை விட்டா வயித்துலயும் இருக்கும். சரிண்ணா, உன் இஷ்டம். கடிதத்தைக் குடுக்கிறதுக்கு முன்னாடி என்கூட ஒரு தடவை மாடிக்கு வா. தெரிஞ்சவர் ஒருத்தருக்கும் பாக்கணும்."

மறுநாள் இருவரும் வரிசையில் நின்றார்கள். முறை வந்ததும் தங்கை ஒரு புகைப்படத்தை நீட்டினாள். எட்டிப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோடுபோட்ட சட்டை, நேற்று அவன் கையால் பட்டன் போட்டது. அந்தப் புருவம், பெயிண்ட் உதிர்ந்ததென்று அவனே வரைந்தது. வாயைத் திறக்கப் போனவனின் காலை அவள் நறுக்கென்று மிதித்தாள்.

மகான் கட்டைவிரலை அழுத்தினார். பொடியை ஊதினார். நட்சத்திரம்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"கண்ணுல ஒரு பசி இருக்கு," என்றார் மகான். "உள்ள ஒரு நடிகன் துடிச்சிக்கிட்டு இருக்கான். பாக்கிற வேலைதான் தடை. என்ன வேலை?"

"துணிக்கடையில நிக்கிறாரு சாமி. ஆறு வருஷமா."

"உடனே விடச் சொல்லு. மூணு மாசத்துல கதாநாயகன்."

தன்னிடம் சொன்ன அதே வார்த்தைகள், அதே இழுவை. ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று அந்தப் பசியை ரசித்தவனுக்கு, இப்போது தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க சாமி. கீழ ஜெராக்ஸ் கடைக்குள்ளதான் நிக்கிறாரு," என்று இறங்கிப் போனவள், பிளாஸ்டிக் பொம்மையைத் தோளில் சுமந்துகொண்டு வந்து மகானுக்கு எதிரே நிறுத்தினாள். அதே சட்டை, அதே புருவம். புகைப்படத்தை அதன் முகத்தருகே பிடித்துக் காட்டினாள்.

"நாங்க துணி மாட்டுற பொம்மை. முதலாளிகிட்ட கேட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன். சொல்லுங்க, எப்ப வேலையை விடணும்?"

மகான் பொம்மையை ஏற இறங்கப் பார்த்தார். "பொம்மைக்குள்ளயும்... கலை உண்டும்மா."

"கலை இருக்கட்டும். விரலைக் காட்டுங்க." பொடிக் கிண்ணத்தை எடுத்து அவர் கட்டைவிரலில் கவிழ்த்து ஊதினாள். விரல் நுனியில் பசையால் வரைந்த நட்சத்திரம் வெள்ளையாக மின்னியது.

மறுபடியும் வந்திருந்த டிரைவர் ஒருவர் வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தார். "யோவ், நான் வேலையை விட்டு நாலு மாசம் ஆச்சு. என் பொண்ணு படிப்பு நின்னு போச்சு. இதுக்கு எந்தப் பொடியை ஊதுவ?"

மகான் வாசல் பக்கம் நகர்ந்தார். வரிசையில் நின்ற நர்ஸ் ஒருவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, தட்டில் வைத்ததைத் திருப்பி வாங்காமல் யாரும் நகரக்கூடாது என்றார். மகான் முதல்முறையாகக் காசைத் தன் கையால் தொட்டு, விழி பிதுங்க எடுத்துக் கொடுத்தார்.

பொம்மையின் தலைப் பக்கம் தங்கையும் கால் பக்கம் அண்ணனுமாகத் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினார்கள். ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆடிஷனுக்கான வசனத்தை அதில் எழுதிவைத்து, உடை மாட்டிக்கொண்டே பொம்மையிடம் பேசிப் பார்த்தான்.

நெற்றியில் நட்சத்திரம் தேடுகிற மக்களே, அந்த நெற்றிக்குப் பின்னால் மூளை என்று ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் பொம்மைக்கு அது கிடையாது. அதுகூட வேலையை விடவில்லை.