காந்தம் ஒட்டாத வண்டி

காந்தம் ஒட்டவில்லை.

ஹெட்லி கிரம்ப் அதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அடிப்பட்டையில் அது ஒரு கணம் யோசித்துவிட்டுத் தொப்பென்று தரையில் விழுந்தது. இரும்பு இருக்க வேண்டிய இடம் முழுக்கப் பட்டி போட்டு மெழுகியிருந்தது. அதன்மேல் பச்சைப் பெயின்ட் மட்டும் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது.

பின்னால் நின்றிருந்த வண்டிச் சொந்தக்காரர் பேசில் டக்வர்த் தொண்டையைச் செருமினார். "ஒட்டுதுங்களா?"

"ஒரு மாதிரி, நாசூக்கா ஒட்டுது," என்றார் ஹெட்லி.

இங்கிலாந்தில் எங்கள் கவென்ட்ரிப் பக்கத்தில் ஒருவருடைய பிள்ளையைக் குறை சொன்னாலும் பொறுத்துக்கொள்வார்கள், வண்டியைக் குறை சொல்லக் கூடாது. கூரை இல்லாத வீட்டை விலைக்குப் பார்க்கப் போனாலும் நல்ல வெளிச்சம் என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்துதான் தலையில் அடித்துக்கொள்வோம். ஹெட்லி இந்த விஷயத்தில் எங்கள் எல்லோரையும்விட மோசம்.

ஆனால் அன்று அவர் ஒரு முடிவோடுதான் வந்திருந்தார். தண்ணீர் இலாகாவில் ஆயுசு முழுக்க ஊரார் வீட்டுக் குழாய்களைச் சோதித்துவிட்டு, போன இலையுதிர் காலத்தில் ஓய்வு பெற்றவர். சோதிக்க வேறு வீடு இல்லாததால் சொந்த வீட்டைச் சோதிக்க ஆரம்பித்தார். சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார். மனைவி மேவிஸ் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று தண்ணீர் வீணாவதைச் சுட்டிக்காட்டினார். மேவிஸ் பொறுமைசாலி. அந்தப் பொறுமையும் கிறிஸ்துமஸோடு தீர்ந்துவிட்டது.

பழைய பந்தயக் கார் ஒன்றை வாங்கி, பிரித்து மேய்ந்து, புதுசாக்கி ஓட்ட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. இரண்டு முறை வாங்கியும் விட்டார். இரண்டும் வாங்கும்போது பளபளத்தவை. ஒன்று வீட்டு வாசலைத் தாண்டும்போதே இரண்டாக மடிந்தது. இன்னொன்று தோட்டத்தில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது, கரும்பறவைக் குடும்பம் ஒன்று அதில் குடியிருக்கிறது.

அப்படியிருந்தும் அன்று காலை அவருடைய அவித்த முட்டைக்குப் பக்கத்தில் பத்திரிகை விளம்பரத்தை வெட்டி வைத்தவள் மேவிஸ்தான். லாங்மியர் கார், இரண்டு இருக்கை, பச்சை, பழுது பார்க்கத் தோதானது. அவளே போன் பண்ணி நேரமும் கேட்டு வைத்திருந்தாள். ஹெட்லிக்குக் கண் கலங்கிவிட்டது.

"போய்ட்டு வா. ஆனா ஒண்ணு, இன்னொரு துருப்பிடிச்ச தகரம் தோட்டத்துக்கு வந்துச்சுன்னா, அது பக்கத்துலயே உனக்கும் ஒரு கட்டிலைப் போட்டுடுவேன்," என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

ஹெட்லிக்கு வண்டி வேண்டும். அதைவிட, காலையில் எழுந்ததும் கைக்கு ஒரு வேலை வேண்டும். வெறும் கையோடு வீடு திரும்பினால் மறுபடி அந்த டப்பாக்கள்தான். குப்பையோடு திரும்பினால் கட்டில் தோட்டத்தில். அதனால் பட்ட பாட்டில் கற்றுக்கொண்ட பாடங்களை மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டு வந்திருந்தார். காந்தம் வைத்துப் பார்க்கணும், கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கணும், ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவு திறக்கிறதா என்று பார்க்கணும், எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கணும். முதல் குறை தெரிந்ததுமே தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடணும்.

முதல் குறை வந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. கிளம்பியிருக்கலாம். ஆனால் சிமென்ட் தரையில் முட்டி போட வசதியாக பேசில் ஒரு மெத்தைத் தலையணை கொண்டுவந்து கொடுத்திருந்தார். பூப்போட்ட தலையணை. அதன்மேல் முட்டி போட்டுக்கொண்டு ஒரு மனுஷரிடம் உங்கள் வண்டி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

சரி, நியாயமாக இன்னொரு வாய்ப்புக் கொடுப்போம் என்று திருப்புளியை எடுத்து அடிப்பட்டையில் லேசாகத் தட்டினார். திருப்புளி பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்தார், வரவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். திருப்புளி வந்தது. கூடவே சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பட்டியும், அதற்குப் பின்னால் திணித்து வைத்திருந்த பழைய செய்தித்தாளும் வந்தன.

இரண்டு பேரும் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மன்னிச்சுடுங்க," என்றார் ஹெட்லி.

"சேச்சே, என் மேலதான் தப்பு," என்றார் பேசில். "நான் வெளிச்சத்தை மறைச்சுட்டு நின்னுட்டேன்."

ஓட்டை போட்டுவிட்டு உடனே கிளம்புவது மரியாதை இல்லை. ஏதாவது ஒன்றையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்து ஹெட்லி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். உள்ளே சிவப்பில் புத்தம்புதுக் கம்பளம். பழைய வண்டியில் புதுக் கம்பளம் கிடந்தால் தூக்கிப் பார்க்காமல் நம்பக் கூடாது. அவர் தூக்குவதற்குள் வலது கால் போய்ப் பார்த்துவிட்டது. அதை இழுப்பதற்காக இடது காலை ஊன்றினார். இடது காலும் போய்விட்டது.

இப்போது ஹெட்லி இருக்கையில் உட்கார்ந்திருந்தார், அவருடைய ஷூ இரண்டும் கராஜ் தரையில் நின்றன.

"தளம் எப்படி இருக்கு?" என்று பேசில் ஜன்னல் வழியாகக் குனிந்து விசாரித்தார்.

"சிமென்ட்டு ரொம்ப உறுதியா இருக்குங்க."

கால்களைத் தகரம் கவ்விக்கொண்டிருந்தது. வண்டியைக் கொஞ்சம் தூக்கினால் சுலபமாக இருக்கும் என்று பேசில் ஜாக்கியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துச் சுற்றினார். நல்ல மனசோடுதான் செய்தார். அடிப்பட்டைதான் இப்படிப்பட்ட வண்டிக்கு முதுகெலும்பு. அது போய்விட்டதால் வண்டி நடுவில் வளைந்தது. முனகிக்கொண்டே வளைந்தது. இரண்டு கதவுகளும் சட்டத்துக்குள் நெரிபட்டு இறுகிக்கொண்டன. ஜாக்கி வைத்தால் கதவு திறக்கிறதா என்று வெளியே நின்று பார்க்க வேண்டிய சோதனையை ஹெட்லி உள்ளே இருந்தபடியே செய்து முடித்தார். திறக்கவில்லை.

கான்வாஸ் கூரையை மடக்கலாம் என்றால் கொக்கிகள் துருவேறி ஒன்றோடொன்று ஐக்கியமாகிவிட்டிருந்தன. ஜாக்கியை இறக்கலாம் என்றால், அதன் தலை அடித்தகட்டைப் பொத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் எட்டிப் பார்த்தது.

அந்த நேரத்தில் பேசிலின் மனைவி டோரீன் டீயும் கேக்கும் எடுத்துக்கொண்டு வந்தாள். குள்ளமான, சுறுசுறுப்பான பெண்மணி. முன்பின் தெரியாத மனுஷர் தன் வீட்டு வண்டியில் மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவள் ஆச்சரியப்பட்டதாகவே தெரியவில்லை. கோப்பையை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, ஹெட்லியை மேலும் கீழும் பார்த்தாள். எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறார் என்று கேட்டாள். அப்புறம், வேலை செய்யும்போது பக்கத்தில் யாராவது பாட்டு முணுமுணுத்தால் கோபம் வருமா என்று கேட்டாள். வராது என்றார் ஹெட்லி, காலைத் தகரம் பிடித்திருக்கும்போது வேறு என்ன சொல்ல முடியும். அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

டீ குடித்ததும் ஹெட்லிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஆயிலையாவது பார்த்துவிடலாமே என்றார். பேசில் பானெட்டைத் திறந்து, மூடியைக் கழற்றி, விளிம்பில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். பாலை அள்ளி விட்ட டீ நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. தண்ணீர் கலந்தாயிற்று.

அதற்கப்புறம்தான் விசித்திரம் ஆரம்பித்தது. விற்கிறவர் வண்டியைத் திட்ட ஆரம்பித்தார்.

"பின்பக்க ஸ்பிரிங் தாங்கற இடத்தை நீங்க இன்னும் பாக்கலையே, அது இதைவிட மோசம். கியர் ரெண்டாவது விழவே விழாது. பம்பர் எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது."

இப்படி ஒரு யோக்கியரை ஹெட்லி வாழ்க்கையில் பார்த்ததில்லை. தன்னை முன்பு ஏமாற்றிய இரண்டு பேரும் ஞாபகம் வந்தார்கள். இவ்வளவு நேர்மையானவருடைய வண்டியில் மூன்று ஓட்டை போட்டுவிட்டு வாங்காமல் போவதா? பின்பக்கம் ஒரு நாள் வேலைதான் என்றார். கியருக்கு ஒரு பல்சக்கரம் மாற்றினால் போதும் என்றார். பம்பர் இல்லாமல்தான் வண்டிக்கு அழகு என்றுகூடச் சொன்னார். பேசில் இறக்க இறக்க, ஹெட்லி ஏற்றினார். பேரம் தலைகீழாக நடந்தது. வாங்குகிறவர் விலையைக் கூட்ட, இந்தக் குப்பைக்கு அவ்வளவு வாங்கினால் பாவம் என்று விற்கிறவர் குறைக்க, கடைசியில் இரண்டு பேரும் மனசே இல்லாமல் ஜன்னல் வழியாகக் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

கை குலுக்கியாயிற்று, ஆனால் வாங்கினவர் இன்னும் உள்ளேயே இருந்தார்.

ஹெட்லி உள்ளிருந்து வழி சொன்னார். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் சட்டம் உறுதியாக இருக்கும், அங்கே கட்டையை வைத்து முட்டுக் கொடுங்கள், அப்புறம் ஜாக்கியை இறக்குங்கள். பேசில் தரையில் படுத்துத் தனக்குத் தெரியாமலே ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தார். கட்டை வழுக்கியது. இன்னொரு கட்டை போட்டார்கள். ஹெட்லி உள்ளிருந்து தகரத்தை வளைத்துக் கால்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம், இந்தப் பக்கம், மெதுவா என்று பேசிப் பேசி இரண்டு பேரும் வேர்த்துவிட்டார்கள். ஹெட்லிக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. வீட்டு டப்பாக்களின் நினைப்பே வரவில்லை.

கடைசியில் கதவு திறந்தது. திறந்ததோடு நிற்காமல் கழன்று பேசில் கையில் வந்து விழுந்தது.

ஹெட்லி வெளியே வந்து முதுகை நிமிர்த்தினார். பேசில் கதவைக் கீழே வைக்கவில்லை. குழந்தையைப் பிடித்திருப்பதுபோல் அணைத்துக்கொண்டு நின்றார். அவர் முகம் சரியில்லை. ஹெட்லி தன் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தை அப்போது செய்தார். நேராகக் கேட்டுவிட்டார்.

"உங்களுக்கு இதை விக்கவே மனசில்ல, இல்லையா?"

பேசில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நானும் என் தம்பி வில்ஃபும் சேர்ந்து வாங்கினது. இந்தப் பட்டியெல்லாம் அவன் பூசினதுதான், அவனுக்குத் தகர வேலை சுத்தமா வராது. போன வருஷம் அவன் செத்துப் போய்ட்டான். அதுக்கப்புறம் ஒரு திருகைக்கூடத் தனியா கழட்ட எனக்கு முடியல. தினமும் வந்து துடைச்சுட்டுப் போவேன், அவ்வளவுதான்."

"அப்ப ஏன் விளம்பரம் குடுத்தீங்க?"

"நான் குடுக்கலைங்க. நீங்க பாட்டுக்கு மழையில நனைஞ்சுட்டு வந்து வாசல்ல நின்னீங்க. அவ்வளவு தூரம் வந்தவரை எப்படித் திருப்பி அனுப்பறது? வண்டியைத் திட்டினா நீங்களே போயிடுவீங்கன்னு பாத்தேன்."

ஹெட்லி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "காந்தம் விழுந்தப்பவே எனக்கு இது வேண்டாம்னு ஆயிடுச்சு. ஆனா தலையணை குடுத்துட்டீங்களே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பேசில் கதவை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வண்டி இங்கேயே இருக்கும். ஹெட்லி வெறும் கையோடு போக வேண்டியதுதான். நாளைக்குக் காலையில் மறுபடி அகர வரிசை. அவர் காந்தத்தையும் திருப்புளியையும் பொறுக்கிப் பையில் போட்டார். அடிக்கடி வாங்க, நாம் சேர்ந்து இதைச் செய்வோம் என்று பேசில் சொல்லியிருக்கலாம். வரட்டுமா என்று இவர் கேட்டிருக்கலாம். அதுதான் எங்களுக்கு வராதே. இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

விளம்பரம் கொடுத்தது யார் என்றாவது கேட்டுவிடலாம் என்று காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். டோரீன் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமா மேவிஸ், நான் குடுத்த விளம்பரம் வீணாப் போகல, நல்லா சோதிச்சுப் பாத்துட்டேன், மேல கொஞ்சம் துருதான், உள்ள உறுதியா இருக்காரு, வண்டியை நாங்க விக்கப் போறதில்ல, உன் வீட்டுக்காரரை நான் எடுத்துக்கறேன், பேசிலுக்குத் துணையா புதனும் சனியும் தவறாம அனுப்பி வை."