சரளை டாக்டர்

உயிரோடிருக்கும் மனிதனின் பல்லைவிடச் செத்துப்போன மீனின் பல்லுக்கு அதிக மரியாதை கொடுக்கும் பல் டாக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஏற்காட்டில், நாங்கள் குடியிருக்கும் வீட்டின் முன்போர்ஷனில் இருக்கிறார். நான் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். பின்போர்ஷனில் அவருக்குக் குடித்தனக்காரன்.

ஊரில் அவருக்குப் பெயர் சரளை டாக்டர். மாதம் ஒருமுறை அரியலூர்ப் பக்கம் போய், ஆற்றுச் சரளையை மூட்டை கட்டிக்கொண்டு வருவார். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். சுறா, திருக்கை எல்லாம் செத்து மண்ணாகிவிட்டன. பற்கள் மட்டும் கல்லாகிக் கிடக்கின்றன.

அடிவாரத்தில் பஸ் கண்டக்டர் கேட்டே விட்டார். "ஏனுங்க, மலைமேல இல்லாத கல்லுங்களா?"

"கல்லு இல்லீங்க, இது கடலு."

"அப்பக் கடலுக்கும் லக்கேஜ் டிக்கெட் போடோணுங்க."

வந்ததும் சரளையைக் கழுவி, பெரிய சல்லடை, சின்னச் சல்லடை, கடைசியில் எங்கள் ரவைச் சல்லடை என்று சலிப்பார். காயவைத்துத் தட்டில் பரப்பி, லென்ஸும் இடுக்கியுமாக உட்கார்ந்துவிடுவார். பளபளப்பு இருந்தால் பல். விளிம்பில் ரம்பம் போல இருந்தால் சுறா. தட்டையாக இருந்தால் திருக்கை. கரடியூரிலிருந்து ஓர் அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, விரல்நுனியில் ஒரு துகளை நீட்டினார்.

"பாருங்கம்மா, ஒரு சொத்தை இருக்குதா?"

"அதென்னங்க, கடலைமிட்டாயா தின்னுச்சு?" என்றது அந்த அம்மா.

ஒரு காலை ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "ரைட்டரே, ஓடியாங்க!" என்று கூப்பாடு. நெடுநாளாகத் தேடிய திருக்கைப் பல், எள்ளளவு, வேரோடு கிடைத்துவிட்டது. டாக்டரின் கண்ணில் தண்ணீர்.

"டாக்டரே, இது ரவைங்க! எங்க ஊட்டு உப்புமாவுல நெறைய கெடக்குதுங்க" என்று சொல்லி, என் ஜோக்குக்கு நானே வாய்விட்டுச் சிரித்தேன்.

லென்ஸ் தட்டிலிருந்து என் வாய்க்கு உயர்ந்தது.

"வாய மூடாதீங்க. நாக்க அந்தப் பக்கம் தள்ளுங்க. இந்த வெள்ளை எத்தனை நாளா இருக்குது?"

"வாய்ப்புண்ணுங்க. ஆறவே மாட்டேங்குது."

அவர் விருட்டென்று எழுந்ததில் தட்டு கவிழ்ந்தது. அந்தப் பல், இன்னும் சலிக்காத சரளைக் குவியலுக்குள் போயிற்று.

"ஐயோ, உங்க பல்லு!"

"கெடக்குது உடுங்க. கடலே போன பொறவும் அங்கயேதான இருந்துச்சு? சட்டையப் போடுங்க, சேலம் போறோம்."

பஸ்ஸில் சேலம் வரும்வரை அவர் என் மணிக்கட்டை விடவே இல்லை.

புற்று. ஆரம்பம்தான். நாக்கின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். "இன்னும் கொஞ்ச நாள் உட்டிருந்தா நாக்கே மிஞ்சியிருக்காதுங்க" என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர்.

வீடு திரும்பியும் வெகு நாள் எனக்குக் கஞ்சிதான். சரளை டாக்டரும் தினமும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட உட்கார்ந்தார். முதல் நாள் என் மனைவி அவருக்குச் சோறும் கறிக்குழம்பும் வைத்தாள். தட்டைத் தள்ளிவிட்டார்.

"எனக்கும் கஞ்சியே ஊத்துங்கம்மா. அவரு பாக்க நான் மென்னு தின்னா நல்லா இருக்காதுங்க."

நான் சோற்றைக் கடித்துத் தின்கிற நாள்வரை, ஒரு பல்கூட ஆடாத அந்த மனுஷர் என் எதிரே உட்கார்ந்து கஞ்சியே குடித்தார்.