வசனத்துக்கு முந்திய விளக்கம்

இனி நம் வீட்டில் இங்கிலீஷ் படம் சப்டைட்டில் இல்லாமல்தான் ஓடும் என்று அறிவித்தேன். வீட்டில் எனக்கென்று மிச்சமிருந்த ஒரே மரியாதை என் இங்கிலீஷ்தான். அதற்கும் ஆபத்து வந்திருந்தது. மனைவி வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்ததால், படம் பார்த்தே இங்கிலீஷ் பழகிவிடுவேன் என்று கிளம்பியிருந்தாள்.

"பாதி புரியலையேங்க. 'பிரேக் எ லெக்'ங்கிறான். யார் காலை உடைக்கணும்?"

"யார் காலையும் இல்ல. மேடை ஏறப் போறவனை வாழ்த்துறான். நல்லா பண்ணிட்டு வான்னு."

"எப்படிங்க உங்களுக்கு இதெல்லாம் தெரியுது?"

"தானா வருது."

தானாக வரவில்லை. இன்றைக்கு எந்தப் படம் என்று அவள் காலையிலேயே சொல்லிவிடுவாள். நான் ஆபீஸில் தலைவலி என்று சொல்லிவிட்டு மதியமே வீட்டுக்கு ஓடிவந்து, தமிழ் சப்டைட்டிலோடு அதே படத்தைப் பார்த்து உருப்போட்டுவிடுவேன். அதையும் நிம்மதியாகச் செய்யவிட மாட்டார்கள். ஒரு நாள் வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் பெல் அடித்தார். இன்னொரு நாள் பிளம்பர். அவர் குழாயைக் கழற்ற, நான் வாளியைப் பிடித்துக்கொண்டே, 'கோல்ட் ஃபீட்' என்றால் கடைசி நேரத்தில் பின்வாங்குவது என்று மனப்பாடம் செய்தேன். மேலதிகாரி என் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னார். புகழுக்கு முன்னால் அதெல்லாம் ஒரு பொருட்டா?

நேற்று அந்தப் புகழ் தலைக்கேறிவிட்டது. திரையில் திருடனும் கூட்டாளியும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். இருவரும் வாயே திறக்கவில்லை.

"'ஸ்பில் தி பீன்ஸ்'னா ரகசியத்தைப் போட்டு உடைக்கிறது" என்றேன்.

அதற்கப்புறம்தான் திருடன் அந்த வசனத்தைச் சொன்னான்.

மனைவி படத்தை நிறுத்தினாள்.

"இல்ல, அவன் மூஞ்சியைப் பார்த்தாலே..."

"விடுங்க. முதல் நாளே தெரியும். பார்த்த படத்துக்குக் கீழ 'பார்த்தாச்சு'ன்னு டிவி சிவப்புக் கோடு போட்டுக் காட்டுதே."

"அப்ப ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"சொன்னா மத்தியானம் வீட்ல யார் இருப்பா? ரிப்பேருக்கு வர்றவங்க எல்லாம் நான் கடையில இருக்கிற நேரமாப் பார்த்துத்தான் வர்றாங்க. அவங்க வர்ற நாளாப் பார்த்து நான் படம் சொன்னேன்."

வாளி பிடித்த கை தானாகவே மடியில் ஒளிந்துகொண்டது. அவள் படத்தை மறுபடி ஓடவிட்டாள்.

"நாளைக்குக் கொஞ்சம் நீளமான படம்ங்க. பெயிண்டர் வர்றார்."