காலைல என்ன சாப்டீங்க டீச்சர்?

மற்றவர்களுக்கு அறிவுரை சொல்லும் வேலை கிடைத்துவிட்டால், அது நமக்கும் பொருந்தும் என்பதே மறந்துபோகிறது. எனக்கு மறந்த அன்று எதிரே நாற்பது பெண்களும் ஓர் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள்.

ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடி டீச்சராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஊட்டச்சத்துக் கூட்டத்தில் நான் பேசுவதைப் பார்க்க மேலதிகாரி வருவதாகத் தகவல். தலைப்பு, 'காலை உணவைத் தவிர்க்காதீர்கள்.'

விடிந்ததிலிருந்து சேலைக்கு இஸ்திரி போட்டேன், காட்சிக்கு வைக்க முட்டை அவித்தேன், கடலை உருண்டை பிடித்தேன். திண்டுக்கல்லில் பஸ்ஸுக்கு ஓடியபோது வயிற்றில் இருந்தது அரை டம்ளர் டீ. (முந்தைய நாளும் பயத்தில் பாதித் தோசைதான் இறங்கியது.)

பத்து மணிக்கு வரவேண்டிய அதிகாரி பன்னிரண்டுக்கு வந்தார். நான் ஆரம்பித்தேன்.

"வெறும் வயிறா இருந்தா தலை சுத்தும், கை நடுங்கும், கண்ணு இருட்டும்..."

சொல்லச் சொல்ல, அதே வரிசையில் எனக்கு எல்லாம் நடந்தது. மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். அரையடி தூரத்தில் முட்டைகள். எடுத்துத் தின்றால் வேலை போகும். தின்னாவிட்டால் நானே போய்விடுவேன்.

முன்வரிசையில், பூத்தோட்ட வேலைக்குப் போகும் பேச்சியம்மாள் என்னையே உற்றுப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க காலைல என்ன சாப்டீங்க?"

அதிகாரி நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நாலு இட்லி, ஒரு முட்டை," என்றேன். "கொஞ்சம் கீரையும்." (பொய்யிலாவது சத்துக் குறையக் கூடாதே.)

அப்புறம் நினைவிருப்பது முட்டைத் தட்டு தரையில் விழுந்த சத்தம் மட்டுமே.

கண் திறந்தபோது என் தலை பேச்சியம்மாள் மடியில் இருந்தது. "அம்புட்டும் தின்னவுகளுக்கு கையி இப்பிடியா சில்லுனு கெடக்கும்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லுங்க. சாப்டீங்களா?"

"இல்ல மேடம்."

அழுகை முட்டியது. வேலை போச்சு என்று முடிவே செய்துவிட்டேன்.

பேச்சியம்மாள் தன் தூக்குவாளியைத் திறந்து, மதியத்துக்கு வைத்திருந்த கம்மங்கூழை டம்ளரில் ஊற்றி என் வாயில் வைத்தார். மடமடவென்று குடித்தேன். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற அதிகாரி, மெல்ல என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, இன்னும் இருக்கா? நானும் காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

அப்போதுதான் கூட்டம் சிரித்தது. கூரையே பறந்துவிடும் போலச் சிரித்தது.

வேலை போகவில்லை. விருந்தாளி யார் வந்தாலும் என் கணவர் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் இலை போடுகிறார். (ஒவ்வொரு தடவையும் உருண்ட முட்டைகளின் எண்ணிக்கை கூடுகிறது.) கிராமத்தில்தான் தண்டனை கடுமை. எல்லார் முன்னாலும் உட்கார்ந்து நான் சாப்பிட்டு முடிக்காமல் இன்றுவரை கூட்டத்தை ஆரம்பிக்க விடுவதில்லை. நாற்பது பேரும் என் வாயையே பார்ப்பார்கள்.

"மொத முழுங்குங்க டீச்சர்," என்பார் பேச்சியம்மாள், "பேச்செல்லாம் பெறகு."