போன மாசத்து ரகசிய வார்த்தை

ஊரார் ரகசியத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறவனுக்குக் கொஞ்சமாவது ஞாபகசக்தி இருக்க வேண்டும். எனக்கு அது கிடையாது.

அமெரிக்காவில், நான் இருக்கும் பிளானோவில் தமிழர்களைக் கூட்டிவைத்து, இணையத்தில் அந்தரங்கத்தைக் காப்பது எப்படி என்று சனிக்கிழமைகளில் வகுப்பெடுத்து வந்தேன். (சமோசா உண்டு என்று சொன்னால்தான் கூட்டம் வரும்.) செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் சங்கேத மென்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசு தடை போட்டிருந்த காலத்தில், அந்த நிரலை டீ-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு எதிர்த்தவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். அவர்கள்தான் என் குலதெய்வங்கள். நானும் ஒன்று அச்சடித்து, மச்சினன் நிச்சயதார்த்தத்துக்கே போட்டுக்கொண்டு போனேன். துணியில் ஏதோ மை கொட்டிவிட்டது என்று மாமியார் சோப்பு கொண்டுவந்தார்.

குரலை நகலெடுத்து ஏமாற்றும் மோசடிகள் வந்ததும், ஈரோட்டில் இருந்த அப்பாவுக்கு ஓர் ஏற்பாடு செய்தேன். தெரியாத எண்ணிலிருந்து நான் பேசினால் ரகசிய வார்த்தை கேட்க வேண்டும். அது மாதாமாதம் மாறும். எங்கும் எழுதிவைக்கக் கூடாது.

“நானே அழுதாலும் நம்பாதீங்கப்பா” என்றேன். அப்பா சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்.

ஒரு நாள் அம்மாவை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார் அப்பா. மறுநாள் காலை, கேம் விளையாடும் ஆசையில் என் மகள் நிலா என் போனில் தப்புத் தப்பாகக் கடவு எண் போட்டிருக்கிறாள். அப்படிப் போட்டால் போன் தன்னையே அழித்துக்கொள்ளும்படி அமைத்துவைத்த புத்திசாலி நான்தான். மனைவி பக்கத்து ஊரான இர்விங்கில், ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் போனை வாங்கி, விரல் பழக்கத்தில் வந்த எண்ணை அழுத்தி அப்பாவை அழைத்தேன்.

“அப்பா, கார்த்தி பேசறேன். அம்மா எப்படி இருக்காங்க?”

“ரகசிய வார்த்தை சொல்லுங்க.”

மகனை மோசடிக்காரன் என்று நினைத்ததால் மரியாதை கூடியிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அது போன மாசத்து வார்த்தைங்க. இப்படியெல்லாம் சொல்லுவாங்கன்னு என்ற பையன் சொல்லியிருக்கறான்.”

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. “யாருங்க?”

“யாரோ கார்த்தியாட்டமே பேசறாங்க.”

“கார்த்திதானுங்க. எங்கிட்ட குடுங்க.”

“சும்மா இரு சரசு, ஏமாந்துருவ.”

வைத்துவிட்டார். மறுபடி அழைத்தேன், போகவில்லை. அந்த மாதிரி எண்ணை உடனே பிளாக் பண்ணவும் நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். மனைவி மீட்டிங் முடிந்து அப்பாவை அழைத்தபோது அம்மாவை ஐசியூவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் கோவையில் இறங்கியபோது அம்மா இல்லை.

சொந்தக்காரர்கள் இன்றும் என் போனை எடுத்தால், “இந்த மாசத்து வார்த்தையைச் சொல்லு மாப்ளே” என்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

அப்பா இப்போது எங்களோடு பிளானோவில். யார் அழைத்தாலும் எடுத்துவிடுகிறார். கார் வாரண்டி விற்கிறவனிடம்கூட, அவனுக்குத் தமிழ் தெரியாது என்பதைப் பொருட்படுத்தாமல், சாப்பிட்டாச்சா என்று விசாரிக்கிறார்.

“தாத்தா, இட்ஸ் ஸ்பேம்” என்கிறாள் நிலா.

“இருக்கட்டும் கண்ணு. கூப்பிட்டவங்க ஒரு வார்த்தை பேசிட்டுப் போகட்டும்.”