செவ்வாய்க்குப் பக்கத்தில் ஒரு மோர்ப் பந்தல்

என் தங்கை வீட்டுக்காரரின் வேண்டுதலைக் கெடுத்தவன் நான்தான். பொய் சொல்லிக் கெடுக்கவில்லை, வாயை மூடிக்கொண்டிருந்து கெடுத்தேன். (பொய் சொன்னது அதற்குப் பிறகு.) முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் வாத்தியாராக மூச்சு விடாமல் பேசியவன், சொல்ல வேண்டிய ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

தங்கை செல்விக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது, அவள் பிழைத்து எழுந்தால் பன்னிரண்டு பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களுக்கு நீர்மோர் கொடுப்பதாக அவள் வீட்டுக்காரர் ஏகாம்பரம் வேண்டிக்கொண்டார். நிபந்தனையும் அவரே போட்டுக்கொண்டார்: விளக்கு வைப்பதற்குள் அண்டா காலியாக வேண்டும், ஒரு மாதம் மிஞ்சினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. செல்வி எழுந்து நடந்தாள். அடி அண்ணாமலையில் அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பதினோரு பௌர்ணமியும் அண்டா காலியானது.

பன்னிரண்டாவது பௌர்ணமிக்கு நானும் பக்கத்தில் ஒரு மேசை போட்டேன். ஓய்வு பெற்றதிலிருந்து என் பேச்சைக் கேட்க ஆளில்லை. 'மனிதன் எந்தக் கிரகத்தில் வாழ முடியும்?' என்று பெரிய அட்டையில் எழுதி மாட்டினேன். வெள்ளி, மூடி போட்டு அடுப்பில் மறந்துவிட்ட குக்கர். செவ்வாய், அடுப்பு மூட்டியே பல காலமான சமையலறை. பூமி மட்டும்தான் பதமான தூரம். தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், போர்த்திக்கொள்ள அளவான காற்றும் உண்டு. இதையெல்லாம் விளக்கத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் வந்தவர் ஒருவர். கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

இருபதடி தள்ளி மோர்ப் பந்தலில் கூட்டம் நெரிந்தது. அதுதான் பூமி. நான் உட்கார்ந்திருந்தது செவ்வாய். எனக்குப் பொறாமை. மேசையை இழுத்துக்கொண்டு போய் மோர் அண்டாவை ஒட்டிப் போட்டேன்.

மேசையில் ஒரு கருவி இருந்தது. மூன்று பாட்டில்கள், மணல், கரி, ஒரு ரப்பர் குழாய். மேல் பாட்டிலில் டீ டிகாக்ஷன், கீழ் பாட்டிலில் நல்ல தண்ணீர்.

"இது இன்னா சார்?" என்றார் ஒருவர்.

"விண்வெளியில தண்ணி கிடைக்காதுங்க. அதனால அங்க போறவங்க அவங்க சிறுநீரையே சுத்தம் பண்ணி மறுபடி குடிக்கிறாங்க. அதோட மாதிரி இது."

அவர் மேல் பாட்டிலைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். பிறகு மோர் அண்டாவைப் பார்த்தார்.

"அப்ப இந்த மோரு?"

'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டு நாலு பேர் என் பக்கம் திரும்பினார்கள். நாலு பத்தானது. எனக்கு முன்னால் ஒரு வகுப்பறை கூடிவிட்டது. நான் புன்னகைத்துவிட்டு ஆக்ஸிஜனுக்குப் போய்விட்டேன்.

கேட்டவர்கள் நடந்துபோய் மற்றவர்களிடம் சொன்னார்கள். மோர் வாங்க ஒரு கை நீளவில்லை. ஏகாம்பரம் குழம்பிப்போய் என்னிடம் ஒரு டம்ளரை நீட்டினார்.

"மச்சான், மோரு புளிச்சிடுச்சா பாருங்க. யாரும் வர மாட்றாங்க."

குடித்தேன். அமிர்தமாக இருந்தது. "உப்பு கொஞ்சம் ஜாஸ்தி போல மாப்பிள்ளை" என்றேன். பாவம், அந்த மனிதர் இன்னும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். காலியாக வேண்டிய அண்டா விளிம்பு வரை ஏறியது.

கடைசியில் ஒரு பாட்டியம்மா செல்வியிடமே கேட்டுவிட்டார்: "ஏம்மா, இது வாத்தியார் மிசின்ல புடிச்சதாமே?"

செல்வி கொத்தமல்லியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். உடனே பரிகாரத்தில் இறங்கினேன். எல்லாரும் பார்க்க ஆறு டம்ளர் மோரை மடமடவென்று குடித்துக் காட்டினேன்.

"அவரு மிசினு, அவரு குடிக்கிறாரு. நமக்கு இன்னா?" என்றபடி கூட்டம் நகர்ந்தது.

தெருவில் விளக்கு எரிந்தபோது அண்டா ஏறக்குறைய அப்படியே மிச்சம். ஏகாம்பரம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மொதல்லருந்து ஆரம்பிக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

செல்விதான் சொன்னாள்: "அண்ணா, நான் உசுரோட இருக்கறதுக்குத்தான் அந்த மோரு. உனக்குக் கூட்டம் சேக்கறதுக்கு இல்ல."

அடுத்த பௌர்ணமி விடிந்ததும் போய் நின்றேன். கரண்டி என் கையில். செல்வி போட்ட நிபந்தனை, வாயே திறக்கக்கூடாது. பன்னிரண்டு பௌர்ணமி, ஒரு கிரகத்தின் பெயரைக்கூட உச்சரிக்காமல் மோர் ஊற்றினேன். ("ஊமை போல, ஆனா நல்ல மனுசன்" என்று ஒரு அம்மா சொல்லிவிட்டுப் போனார்.) பன்னிரண்டாவது மாதம், வெயில் இருக்கும்போதே அண்டா காலி. செல்வி அதைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினாள்.

இன்றும் எங்கள் உறவில் யார் வீட்டுக்குப் போனாலும், எனக்கு மோர் கொடுப்பவர்கள் முதலில் தாங்கள் அண்ணாந்து ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் டம்ளரை நீட்டுகிறார்கள். மருமகள் உட்பட. வீடே சிரிக்கும், நானும் சிரித்துவைப்பேன்.

ஏகாம்பரம் மட்டும் அப்படிச் செய்வதில்லை. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து மெதுவாகக் கேட்பார்:

"உப்பு எப்பிடி மச்சான்?"

"சரியா இருக்குது மாப்பிள்ளை" என்பேன். சில நாள் உப்பே போட்டிருக்க மாட்டார்.