பொகூஷின் டீசல் காரை நான் ஏன் வாங்கமாட்டேன்

மதிப்புக்குரிய லூட்சியன் மாமாவுக்கு,

ஓலெக் பணிவோடு எழுதுவது. உங்கள் முதுகுவலி தணிந்து, அத்தையும் நலமாக இருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் கைகாட்டிய தரகர் பொகூஷின் காரை அம்மாவும் நானும் போய்ப் பார்த்தோம். வாங்கப் போவதில்லை.

கிடங்கு வேலையில் என் இடது பாதம் நசுங்கியதிலிருந்து கிளட்ச் மிதிக்க முடியாது (என் கவனக்குறைவுதான் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்). அதனால் ஆட்டோமேட்டிக். வாரம் மூன்று நாள் அம்மாவை டயாலிசிஸுக்கு வோம்ஜா நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், போக வர எண்பது கிலோமீட்டர். அதனால் டீசல். லாபமில்லை என்று பேருந்தை நிறுத்திவிட்டார்கள். அம்மாவின் சிறுநீரகமும் அந்தக் கணக்கில்தான் வரும் போல. இதுவரை அழைத்துப்போன பக்கத்து வீட்டுக்காரர் இந்த வாரக் கடைசியில் நார்வேக்கு வேலைக்குப் போகிறார்.

சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போனோம். மற்ற எல்லாக் கார்களின் மேலும் ஒரு சாண் பனி. இதன் பானெட் மட்டும் அடுப்பாகக் கொதித்தது. குளிரில் கிளம்பாது என்பதை மறைக்கத்தானே முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைக்கிறார்கள். "என்னண்ணே, வண்டிக்குக் காய்ச்சலா?" என்றேன். "உனக்காகக் காத்திருந்துச்சு தம்பி" என்றார். மீட்டரில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர்தான். ஆனால் ஸ்டீரிங் தோல் தேவாலயப் படிக்கட்டுபோல வழவழக்கிறது. பதினோரு வருட சர்வீஸ் புத்தகம் முழுக்க ஒரே பேனா, ஒரே கை. கியர் எண்ணெய் எப்போது மாற்றியது என்றால், "ஆயுசுக்கும் அதே எண்ணெய்தான்." "யார் ஆயுசுக்குண்ணே?" ஓட்டினால் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறும்போது முதுகில் உதைக்கிறது. புகை வடிகட்டி இருக்கிறதா என்றதற்கு, "கூடு இருக்கு" என்றார்; உள்ளே இருந்ததை வெட்டி எடுத்தாயிற்று.

கடைசியில், ஜெர்மனியிலிருந்து பழைய கார் கொண்டுவந்து விற்கும் எல்லாத் தரகர்களும் சொல்லும் வாசகத்தையும் சொன்னார்: "விக்கும்போது அந்த ஜெர்மன்காரர் அழுதுட்டாரு." நாடே சிரித்துப் புளித்த வாசகம். அம்மா சிரிக்கவில்லை. "ஐயோ பாவம், வீட்ல யாராச்சும் தவறிட்டாங்களா?" பொகூஷ் விழித்தார். "சம்சாரம்..." "அவங்க பேரு?" "ஹெல்கா." அம்மா முன்சீட்டைத் தடவி, "இங்கதான் உக்காந்திருப்பா மகராசி" என்று சிலுவை போட்டுக்கொண்டார். பொகூஷ் தொப்பியைக் கழற்றினார். இல்லாத ஹெல்காவுக்காக மூன்று பேரும் பனியில் தலைகுனிந்து நின்றோம்.

இதையெல்லாம் நீங்கள் பார்க்காமலா சிபாரிசு செய்தீர்கள் மாமா? அவரும் நீங்களும் ஒரே ஏரியில் மீன்பிடிப்பவர்களாமே. நான் எதுவும் சொல்லவில்லை, கேட்கிறேன். இனி அந்தக் காரைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம்.

உங்களையும் அத்தையையும், நீங்கள் ஏறும் வண்டிகளின் பிரேக்கையும் கடவுள் காக்கட்டும்.

அக்கா மகன்,
ஓலெக்

பி.கு.: பக்கத்து வீட்டுக்காரர் நேற்றே கிளம்பிவிட்டார். காரை வாங்கிவிட்டேன். இன்று வியாழன், டயாலிசிஸ் நாள். நாலாவது முயற்சியில் கிளம்பியது. அம்மா பெல்ட் போட்டு உட்கார்ந்துவிட்டார். போகிற வழியில் உங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் இதைப் போடுகிறேன். டிராக்டரை வெளியே எடுத்து நிறுத்துங்கள். நான் போன் செய்தால் ஒன்றும் கேட்காமல் கயிற்றோடு வாருங்கள்.